‘இன்று போக வேண்டாம்’ என்று சொல்ல ஒருவர்

பூக்கெட் தீவில் விடுதி வாசல்களுக்கு வேன்கள் காலை ஏழு மணி வாக்கிலேயே வரத் தொடங்கிவிடும். வழியெல்லாம் ஆட்களை ஏற்றிக்கொண்டு அவை படகுத்துறைக்குப் போகும். அங்கே மணிக்கட்டில் ஒரு வண்ணப் பட்டை, குமட்டலுக்கு ஒரு மாத்திரை, உடம்புக்கு ஒரு லைஃப் ஜாக்கெட். கைடு பத்து நிமிடம் பேசுவார். பிறகு இரண்டு மூன்று அவுட்போர்டு என்ஜின்கள் பூட்டிய ஸ்பீட்போட், முப்பது நாற்பது பேரைச் சுமந்துகொண்டு, அந்தமான் கடலில் பீபீ தீவுகளை நோக்கிப் பாயும். ஒரு மணி நேரத்துக்குள் சுண்ணாம்புக்கல் மலைகள் கடலிலிருந்து செங்குத்தாக எழுந்து முன்னே வந்து நிற்கும். மாயா வளைகுடா, பீலே காயல், வைகிங் குகை, குரங்குக் கடற்கரை, பீபீ டோனில் மதியச் சாப்பாடு, மூங்கில் தீவில் ஒரு குளியல். மாலை நாலைந்து மணிக்குள் திரும்பிவிடலாம்.

இந்த ஒரு நாள் பயணத்தில் நம்மவர்கள் இப்போது பெரும் பங்கு. 2023 நவம்பரில் தாய்லாந்து இந்தியர்களுக்கு விசா விலக்கு அளித்தது. 2024-ல் அங்கே போன இந்தியர்களின் எண்ணிக்கை 20 லட்சத்தைத் தாண்டியது. தேனிலவுத் தம்பதிகள், கல்லூரி நண்பர்கள், விற்பனை இலக்கை எட்டியதற்காக நிறுவனம் அனுப்பிவைக்கும் விநியோகஸ்தர்கள், பேரப்பிள்ளைகளோடு போகும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் என்று தமிழ்நாட்டிலிருந்தும் எல்லா வயதினரும் போகிறார்கள். கடலோரத்தில் பிறந்திராத பலருக்குப் பவளப்பாறையை நேரில் பார்க்கும் முதல் வாய்ப்பு அதுதான். அந்த வாய்ப்பைக் குறை சொல்ல எதுவும் இல்லை. கடலைப் பார்த்தவர்தான் கடலுக்காகப் பேசுவார்.

ஆனால் அந்தப் படகைச் சுற்றி நிற்கும் எல்லோரையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். சென்னையிலோ கோயம்புத்தூரிலோ பயணத்தை விற்ற டிராவல் ஏஜென்ட், விடுதியின் வரவேற்பறைக்காரர், தெருவோரச் சாவடியில் பேரம் பேசி டிக்கெட் கொடுத்தவர், படகு நிறுவனத்தார், கேப்டன், கைடு, பயணி. இத்தனை பேருக்கும் ‘சரி, போகலாம்’ என்று சொன்னால்தான் ஆதாயம். ‘வேண்டாம்’ என்று சொல்பவர் யாராக இருந்தாலும் அவர் நஷ்டப்படுகிறார். ஏஜென்டுக்குக் கமிஷன் போகும், கைடுக்கு டிப்ஸ் போகும், கேப்டனுக்கு அடுத்த வாரத்து வேலையே போகலாம், பயணிக்கு ஆசையாகக் காத்திருந்த நாள் போகும். அந்தத் தீவுகளுக்கு நேர்ந்த பெரும்பாலான கெடுதல்களின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது இந்தக் கட்டுரையின் வாதம். அங்கே யாரும் கெட்ட எண்ணத்தோடு பவளத்தை உடைக்கவில்லை. மறுக்க வேண்டிய இடத்தில் மறுக்கும் வசதி ஒருவருக்கும் இல்லாமல் போனது.

மாயா வளைகுடாவின் கதை இதற்குச் சான்று. பீபீ லே தீவில் மூன்று பக்கமும் பாறைச்சுவர் சூழ்ந்த சிறு வளைகுடா அது. 2000-ல் வெளிவந்த ‘தி பீச்’ என்ற ஹாலிவுட் படம் அதை உலகப் புகழ்பெற்ற இடமாக்கியது. படப்பிடிப்புக்காக அங்கே மணல்மேட்டைத் திருத்தி, இயற்கையாக வளர்ந்திருந்த செடிகொடிகளை அகற்றித் தென்னைகளை நட்டார்கள். உள்ளூர் மக்கள் நீதிமன்றம் போனார்கள். கரையைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று வனத்துறைக்கு இட்ட உத்தரவைத் தாய்லாந்தின் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது 2022-ல். வழக்கு முடிய இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதற்குள் படம் அழைத்து வந்த கூட்டம், படப்பிடிப்பு செய்ததைக் காட்டிலும் பல மடங்கு செய்து முடித்திருந்தது.

2018 வாக்கில் அந்தச் சிறு மணல்திட்டுக்கு ஒரு நாளைக்கு 5,000 பேருக்கும் மேல் வந்தார்கள். பூக்கெட்டிலிருந்தும் கிராபியிலிருந்தும் கிளம்பும் படகுகளின் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே காலை பத்து மணியிலிருந்து பிற்பகல் வரை எல்லாப் படகுகளும் ஒரே வாயில் வழியாக உள்ளே முண்டின. ஆழமில்லாத தண்ணீரில் என்ஜின் காற்றாடி சுழலும்போது அடிமணல் கலங்கி மேலெழும். கலங்கிய மணல் பவளத்தின் மேல் படியும். பவளம் ஓர் உயிரினம். அதன் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் வெயிலில் சமைத்துத் தருவதுதான் அதன் முக்கிய உணவு. மேலே மண் மூடினால் பட்டினி. நங்கூரம் விழுந்தால் கிளை முறியும். நிற்கத் தெரியாமல் தத்தளிப்பவரின் துடுப்புக்கால் பட்டாலும் முறியும். உருண்டைப் பவளங்களில் பல ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் வளர்கின்றன. நம் கைக்கு அடங்கும் ஒரு துண்டுக்கு வயது பத்துக்கு மேல் இருக்கலாம். வளைகுடாவின் பவளத்தில் பெரும்பகுதி அழிந்தது. அங்கே குட்டி போட வந்துகொண்டிருந்த, துடுப்பு நுனி கறுத்த பவளத்திட்டுச் சுறாக்கள் வருவதை நிறுத்திக்கொண்டன.

2018 ஜூனில் தாய்லாந்து அரசு வளைகுடாவை மூடியது. முதலில் சில மாதங்களுக்கு என்று சொல்லித்தான் மூடினார்கள். பிறகு காலவரையின்றி நீட்டித்தார்கள். காசேட்சார்ட் பல்கலைக்கழகத்தின் கடலறிஞர் தோன் தம்ரோங்நாவாசவாட் போன்றவர்கள் அந்த முடிவுக்குப் பக்கபலமாக நின்றார்கள். ஆயிரக்கணக்கான பவளத் துண்டுகளைக் கடலடியில் நட்டார்கள். கரையில் செடிகளை மீட்டார்கள். சுறாக்கள் திரும்பி வந்தன, கூட்டங்கூட்டமாக. 2022 ஜனவரி 1 அன்று மீண்டும் திறந்தபோது விதிகள் முற்றிலும் மாறியிருந்தன. வளைகுடாவின் வாயில் வழியாக எந்தப் படகும் உள்ளே வரக் கூடாது. தீவின் முதுகுப்பக்கம் லோ சாமா என்ற இடத்தில் மிதக்கும் துறை கட்டியிருக்கிறார்கள். அங்கே இறங்கி மரப்பாலத்தின் வழியாக நடந்துதான் கரைக்கு வர வேண்டும். ஒரே நேரத்தில் துறையில் எட்டு ஸ்பீட்போட்டுகள்தான் நிற்கலாம். ஒரு சுற்றில் சில நூறு பேர், ஒரு மணி நேரம். நீந்தத் தடை. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டு மாதமும் கரைக்கு ஓய்வு.

ஒரு அரசு துணிந்து ‘வேண்டாம்’ என்றதன் பலன் இது. அதைப் பாராட்டியே ஆக வேண்டும். ஆனால் அதோடு நம் வேலை முடிந்துவிட்டதாக நினைப்பதுதான் ஆபத்து. மூடுவது ஒரு நாள் உத்தரவு. திறந்த பிறகு காப்பது தினசரி வேலை. தண்ணீரில் இறங்காதீர்கள் என்ற பலகைக்குப் பக்கத்திலேயே இறங்கி நின்று படம் எடுத்துக்கொள்பவர்கள் திறந்த ஆண்டிலேயே வந்துவிட்டார்கள். காவலர் விசில் ஊதிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

வடக்கே சிமிலன் தீவுகளில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அவை ஆண்டுதோறும் மே மாத நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை பருவமழைக்காக மூடியிருக்கும். 2018 அக்டோபரில் திறந்தபோது, பகல் பயணிகள் 3,325 பேர், முக்குளிப்பவர்கள் 525 பேர் என்று ஒரு நாளைக்கான உச்சவரம்பை அறிவித்தார்கள். தீவில் இரவு தங்குவதும் நின்றது. காவ் லாக் பகுதிப் படகுக்காரர்கள் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அவர்களைப் பேராசைக்காரர்கள் என்று ஒதுக்கிவிடுவது எளிது. கடன் வாங்கிப் படகு வாங்கியவர்கள், பல மாதங்களுக்கு முன்பே முன்பதிவுப் பணம் பெற்றுக்கொண்டவர்கள், ஆறேழு மாதச் சம்பாத்தியத்தில் பன்னிரண்டு மாதம் குடும்பம் நடத்துகிறவர்கள் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள். உச்சவரம்பு சரியானதே. அதன் சுமையை யார் யார் எவ்வளவு தாங்குவது என்ற பேச்சு முன்கூட்டியே நடந்திருக்க வேண்டும். சுமையைப் பகிராமல் விதியை மட்டும் விதித்தால், விதியை மீறுவதற்கு ஒரு நியாயத்தையும் சேர்த்துக் கொடுத்தவர்களாகிறோம்.

கடலைக் காப்பதும் உயிரைக் காப்பதும் வெவ்வேறு விஷயங்களாகப் பேசப்படுகின்றன. படகில் அவை இரண்டும் ஒன்றுதான். 2018 ஜூலை 5 அன்று பூக்கெட் அருகே ‘ஃபீனிக்ஸ்’ என்ற சுற்றுலாப் படகு புயல்காற்றில் கவிழ்ந்தது. சீனப் பயணிகள் 47 பேர் இறந்தார்கள். கடல் கொந்தளிப்பு பற்றிய எச்சரிக்கை அதற்கு முன்பே வெளியாகியிருந்தது. அது தென்மேற்குப் பருவக்காற்றின் காலம். மே முதல் அக்டோபர் வரை அந்தமான் கடல் எந்த நேரமும் மாறக்கூடியது என்பது அங்குள்ள எல்லாப் படகோட்டிகளுக்கும் தெரியும். தெரிந்தும் படகு கிளம்புகிறது என்றால் அதைக் கிளப்புகிற கைகள் பல. நாளை மறுநாள் விமானம் பிடிக்க வேண்டிய பயணி, ‘எல்லோரும் போகிறார்களே, நம்மை மட்டும் ஏன் நிறுத்துகிறீர்கள்?’ என்று கேட்கிறார். பணத்தைத் திருப்பித் தர வேண்டுமே என்று ஏஜென்ட் தயங்குகிறார். பக்கத்து நிறுவனத்தின் படகு போய்விட்டதே என்று உரிமையாளர் பார்க்கிறார். வானத்தைப் பார்த்தபடி நிற்கும் கேப்டன் ஒருவர் மட்டும் இத்தனை பேரையும் எதிர்த்து நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம்.

கேப்டனின் ‘வேண்டாம்’ அவருக்கு நஷ்டம் தராதபடி ஏற்பாடு வேண்டும். வானிலையால் பயணம் நின்றால் முழுப் பணமும் திரும்பும், அல்லது மறுநாள் இடம் கிடைக்கும் என்பது டிக்கெட்டிலேயே அச்சாகி இருக்க வேண்டும். அன்றைய கூலி படகு ஊழியர்களுக்குக் குறையக் கூடாது. அதற்காக டிக்கெட் விலையில் சிறு தொகை கூடினால் நாம் முணுமுணுக்கக் கூடாது. ஒரே படகில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இருவர் வெவ்வேறு விலை கொடுத்திருப்பது அங்கே சகஜம். பேரத்தில் ஐந்நூறு பாட் குறைத்துவிட்டோம் என்று மகிழ்கிறோம். அந்த ஐந்நூறு எங்கிருந்தோ குறைந்திருக்கும். கைடின் சம்பளத்திலா, என்ஜின் பராமரிப்பிலா, ஒரு இடத்தில் நிற்கும் நேரத்திலா என்று நமக்குத் தெரியாது. ஆகக் குறைந்த விலைக்கு ஓடும் படகு, ஆக அதிகமான ஆட்களோடும் ஆக அதிகமான இடங்களோடும் ஓட வேண்டியிருக்கும். ஒரு நாளில் ஏழு இடம் என்று விளம்பரம் சொன்னால், ஏழுக்கும் இடையே படகு பறந்தாக வேண்டும். நான்கு இடம் போதும் என்று கேட்கும் பயணிகள் பெருகினால் நான்கு இடப் பயணங்கள் விற்பனைக்கு வரும். விடியற்காலையில் கிளம்பும் படகுகளுக்கும் இதே கணக்குத்தான். நெரிசல் நேரத்தைப் பிரித்துப் பரப்ப அரசாணையைவிட வாடிக்கையாளரின் கேள்வி வேகமாக வேலை செய்யும்.

கைடுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தத் தொழிலில் மிகக் கடினமான இடத்தில் நிற்பவர்கள் அவர்கள்தான். காலையில் நகைச்சுவையோடு பேசி நாற்பது பேரைச் சிரிக்கவைக்க வேண்டும். வாந்தி எடுக்கும் குழந்தைக்கு இஞ்சி மிட்டாய் கொடுக்க வேண்டும். சைவம் மட்டும் சாப்பிடுகிறவருக்குத் தனித்தட்டு ஏற்பாடு செய்ய வேண்டும். அதே மனிதர்தான் பவளத்தின் மேல் நின்று படம் எடுப்பவரிடம் இறங்கச் சொல்லவும் வேண்டும். அவருடைய வருமானத்தில் டிப்ஸ் ஒரு பெரிய பகுதி. கண்டிக்கப்பட்டவர் மாலையில் டிப்ஸ் கொடுப்பாரா? ஆகவே அவர் ஒருமுறை மெதுவாகச் சொல்லிவிட்டு விட்டுவிடுகிறார். அந்தச் சமயத்தில் பக்கத்திலிருக்கும் சக பயணி ஒருவர், ‘தம்பி, அவர் சொல்றது சரிதான், கீழ இறங்குங்க’ என்று நம் மொழியிலேயே சொன்னால் கைடின் பாரத்தில் பாதி குறைந்துவிடும். வாயை மூடிக்கொண்டிருப்பதை நாகரிகம் என்று நினைத்துக்கொள்கிறோம். நம் கூட்டத்தில் மூத்தவருக்கு அந்த இடத்தில் பேசும் கடமை உண்டு. மாலையில், உறுதியாகப் பேசிய கைடுக்குச் சற்றுக் கூடுதலாகவே கொடுங்கள். விதியைச் சொன்னதற்காகத் தன் வருமானம் குறையவில்லை என்று அவருக்குத் தெரிந்தால், மறுநாளும் சொல்வார்.

பயணி தன் பையிலேயே செய்து முடிக்கக்கூடியவை சில உண்டு. ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் உள்ளிட்ட நான்கு வேதிப்பொருட்கள் கலந்த சன்ஸ்கிரீனைத் தாய்லாந்து 2021 ஆகஸ்டிலிருந்து தேசியப் பூங்காக்களில் தடை செய்திருக்கிறது. அபராதம் ஒரு லட்சம் பாட் வரை. ஊரிலேயே டப்பாவின் பின்புறத்தைப் படித்து வாங்கிவிடலாம். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டால் களிம்பே அதிகம் தேவைப்படாது. மீனுக்கு ரொட்டி போடுவதும் கூடாது. புண்ணியம் என்று நினைத்துக் குழந்தைகள் கையில் நாமே கொடுக்கிறோம். பவளத்தின் மேல் வளரும் பாசியை மேய்ந்து அதைச் சுத்தமாக வைத்திருப்பவை அங்குள்ள மீன்கள். கிளிமீன் பாசியோடு சேர்த்துப் பவளச் சுண்ணாம்பையும் கடித்து அரைத்து மணலாகக் கழிக்கிறது. நாம் வெறுங்காலோடு நடந்து வியக்கும் அந்த வெள்ளை மணலில் கணிசமான பங்கு அதன் உழைப்பு. ரொட்டிக்குப் பழகிய மீன் மேய்ச்சலை மறக்கும். குரங்குக்குத் தின்பண்டம் நீட்டினால் கடி வாங்கி, வெறிநோய்த் தடுப்பூசிக்கு அலைய வேண்டியும் வரலாம்.

இவ்வளவு செய்து என்ன பயன், கடலே சூடாகிறதே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2010-ல் அந்தமான் கடலில் பவளம் பெரிய அளவில் வெளிறியது. 2024-லும் வெளிறல் வந்தது, சில பகுதிகளைத் தாய்லாந்து பயணிகளுக்கு மூடியது. தண்ணீர் சூடேறும்போது எந்த உச்சவரம்பும் அதைத் தடுக்காது. ஆனாலும் வெளிறிய பவளம் உடனே செத்துவிடுவதில்லை. சூடு தணிந்தால் பிழைத்துக்கொள்ள அதற்குச் சில வாரங்கள் கிடைக்கின்றன. அந்தச் சில வாரங்களில் அதன் மேல் மணலும் நங்கூரமும் விழாமல் இருந்தால் பிழைக்கும் வாய்ப்பு கூடும். உலகை வெப்பமாக்கும் பெரிய காரணங்களைத் தட்டிக்கேட்கும் உரிமை, கண்ணெதிரே இருக்கும் சின்னப் பொறுப்பிலிருந்து நமக்கு விடுதலை தந்துவிடாது.

தீவில் வாழ்கிறவர்களின் கணக்கு வேறு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை பீபீ டோன் தீவின் ஒடுங்கிய மணல் இடுப்பை இரு பக்கமிருந்தும் அடித்துத் துடைத்தது. கடலூரிலும் நாகப்பட்டினத்திலும் அதே காலையில் நடந்தது நமக்குத் தெரியும். தீவு மக்கள் மறுபடியும் கடை கட்டி, படகு வாங்கி, சுற்றுலாவை நம்பியே எழுந்தார்கள். கொரோனாவில் படகுகள் கரையேறிக் கிடந்தபோது சுறாக்கள் திரும்பியதை உலகம் கொண்டாடியது, அவர்களின் அடுப்பு அணைந்ததைச் சிலரே பேசினார்கள். பீபீ டோனில் தேங்கும் குப்பை படகிலேறித்தான் கிராபிக்குப் போக வேண்டும். நாம் அரைகுறையாகக் குடித்துவிட்டு வைத்துவரும் தண்ணீர்ப் புட்டிக்கும் அதே பயணம். துறையில் துப்புரவுக்கென்று இருபது பாட் கேட்கும்போது முகம் சுளிப்பவர்கள் இதை நினைத்துக்கொள்ள வேண்டும். தேசியப் பூங்காவுக்கு வெளிநாட்டவர் கட்டும் நானூறு பாட்டையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். அதே நேரத்தில், அந்தப் பணத்தில் எவ்வளவு மிதவைகளுக்கும் காவலர்களுக்கும் கழிவுநீருக்கும் போகிறது என்பதைத் துறை வாசலில் எழுதி வைக்கும்படி பூங்காத் துறையிடம் கேட்க, கட்டுகிற ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. கணக்கு தெரிந்தால் கட்டணம் கசக்காது.

அந்தக் கரையோடு தமிழருக்குள்ள உறவு விசா விலக்கோடு தொடங்கியதல்ல. சிமிலன் தீவுகளுக்குக் கிழக்கே பங்-ங்கா மாகாணத்தில் தக்குவாபா என்ற ஊர் இருக்கிறது. அங்கே கிடைத்த ஒரு தமிழ்க் கல்வெட்டு ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயரோடு பொருந்தும் அவனிநாரணம் என்ற பெயரில் ஒரு குளம் வெட்டியதையும், அந்தக் குளத்தின் பாதுகாப்பை மணிக்கிராமத்து வணிகர்கள், சேனாமுகத்தார் என்ற படைவீரர்கள் முதலியோரிடம் ஒப்படைத்ததையும் அது பதிவு செய்கிறது. வணிகர் தனி, படைவீரர் தனி. இருவருக்கும் ஊர் அந்த மண் அல்ல. பருவக்காற்றில் வந்து பருவக்காற்றில் திரும்புகிறவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். இருந்தும், அந்த மண்ணில் தாங்கள் குடித்த தண்ணீருக்குப் பொறுப்பாளிகளாகத் தங்கள் பெயரைக் கல்லில் எழுதிக்கொண்டார்கள். பழம்பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. வந்துபோகிறவர்கள் சேர்ந்து பொறுப்பேற்பது நடக்காத காரியம் என்று சொல்பவர்களுக்கு அந்தக் கல் ஒரு பதில்.

இன்று அந்த வணிகர்களின் இடத்தில் இருப்பவர்கள் நம் ஊர் டிராவல் ஏஜென்டுகள். அவர்களுக்கு இதில் இருக்கும் பலம் அவர்களுக்கே தெரியவில்லை. ஒரு பருவத்துக்கு ஆயிரக்கணக்கானவர்களை அனுப்பும் ஏஜென்டுகள் ஒன்றுசேர்ந்து ஒரு படகு நிறுவனத்திடம், ‘நங்கூரம் போடாமல் மிதவையில் கட்டும் படகுதான் வேண்டும், வானிலை சரியில்லாத நாளுக்குப் பணம் திரும்ப வேண்டும், குழந்தைகளின் அளவுக்கு லைஃப் ஜாக்கெட் இருக்க வேண்டும்’ என்று கேட்டால் மறுக்கிறவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். நான்கு இரவுத் தொகுப்பில் தீவுப் பயணத்தைக் கடைசி நாளில் வைக்காமல் இரண்டாம் நாளில் வைப்பது அதைவிட எளிது. அன்று கடல் சரியில்லையென்றால் மறுநாள் கையில் இருக்கும். கேப்டனிடம் யாரும் கெஞ்ச வேண்டியிருக்காது, சண்டையும் போட வேண்டியிருக்காது. புறப்படும் முன் வாட்ஸ்அப் குழுவில் அனுப்பும் குறிப்புகளில் எந்த உணவகத்தில் தோசை கிடைக்கும் என்பதோடு, பவளத்தைத் தொடக் கூடாது, மீனுக்குத் தீனி கூடாது, கர்ப்பிணிகளும் முதுகுவலி உள்ளவர்களும் ஸ்பீட்போட்டைத் தவிர்த்துப் பெரிய ஃபெரியில் போகலாம் என்பதையும் தமிழில் சேர்க்கலாம். கைடு ஆங்கிலத்தில் பத்து நிமிடம் சொல்வது பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்குப் போய்ச் சேர்வதில்லை.

ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் மாயா வளைகுடாக் கரை மூடியிருக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. ஆனாலும் அந்த இரு மாதங்களுக்கான பல விளம்பரங்களில் அதே கரையின் படம்தான் முகப்பில் இருக்கிறது. அந்தப் படத்தை எடுத்துவிட்டு, ‘இந்த மாதங்களில் கரைக்கு ஓய்வு, படகிலிருந்து பார்க்கலாம், இறங்க முடியாது’ என்று பெரிய எழுத்தில் அச்சிட யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. வரும் பருவத்துத் துண்டறிக்கையிலேயே அதைச் செய்யலாம்.